நீதிபதியின் முன் எத்தனை நாளில்?

ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிறது எங்கள் சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து லயங்களை விட்டு வெளியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்று பட்டணத்தைச் சுற்றியுள்ள தாமான் என்ற வீடமைப்புப் பகுதிகளில் வாழ்கிறார்கள். பயங்கரவாதத்தைத் தடுக்க அரசாங்கம் எவ்வளவு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம், அதற்காகத் தனிமனித உரிமையை எந்த அளவுக்குக் குறுக்கலாம் என்ற விவாதம் தலைநகரத்துக்கே உரியது என்று பலர் நினைக்கக்கூடும். ஆனால் அந்த விவாதத்தின் வேர் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று இவ்வூருக்கு அருகே இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இதே சாலையில் மேலே சென்றால், கோலகங்சாருக்கு அப்பால் சாவுக் வருகிறது. 2000ஆம் ஆண்டில் ஆயுதக் கும்பல் ஒன்று இராணுவத் துப்பாக்கிகளுடன் காட்டில் பதுங்கிய இடம் அது. தைப்பிங்கை ஒட்டி கமுந்திங் இருக்கிறது. விசாரணையே இல்லாமல் மனிதர்களை ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்த தடுப்பு முகாம் அங்கேதான் இயங்கியது. ஆயுதம் ஏந்தியவர்கள் விளைவித்த துயரத்தையும், அவர்களை அடக்குவதற்காக இயற்றப்பட்ட சட்டங்கள் விளைவித்த துயரத்தையும் பேராக் மாநிலத்தின் இந்த வட்டாரம் ஒருசேர அனுபவித்திருக்கிறது.

என் பாட்டி அந்த ஆண்டுகளைக் கம்யூனிஸ்டு காலம் என்றுதான் சொல்வார். அவசரகாலம் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. விடியுமுன் பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, முள்வேலிக் கதவருகே வரிசையில் நின்று, வாளியையும் உடுத்திய துணியையும் சோதனைக்குக் காட்டிய பிறகுதான் மரம் சீவப் போக முடியும். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு உணவு போய்விடக் கூடாது என்பதற்காக அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் போகத் தடை இருந்தது. பசியோடு மதியம் வரை மரம் சீவியதைப் பற்றிப் பேசும்போது பாட்டியின் குரலில் கோபம் இருக்காது. இரவில் காட்டிலிருந்து வந்து அரிசி கேட்டவர்களுக்கும், பகலில் வந்து அரிசி எங்கே போனது என்று கேட்ட சிப்பாய்களுக்கும் நடுவில் நின்ற மக்களுக்கு இரண்டு பக்கமும் அச்சமாகவே இருந்தது என்பதை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

அந்த அச்சத்தில் ஒரு பகுதிக்கு உண்மையான காரணம் இருந்தது. கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் தோட்ட மக்களையும் கொன்றார்கள், பேருந்துகளை எரித்தார்கள், ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஆனால் அதே காலத்துச் சட்டம் யாரையெல்லாம் தொட்டது என்று பார்க்க வேண்டும். மலாயாத் தொழிற்சங்கங்களின் சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் அவசரகால விதிகளின்கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவிலிருந்து வந்த வேண்டுகோள்கள் பலிக்கவில்லை. 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று, ஆயுதமற்ற 24 சீனத் தோட்டத் தொழிலாளர்களையும் கிராமத்தவர்களையும் சுட்டுக் கொன்றது. கூலி உயர்வு கேட்டவனும் காட்டுக்குப் போனவனும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்ட பிறகு, எங்கள் தோட்டங்களில் ஒரு தலைமுறைக்குச் சங்கம் என்ற சொல்லே அடங்கிய குரலில்தான் பேசப்பட்டது. நாம் எல்லோரும் பையில் வைத்திருக்கும் அடையாள அட்டையும் அவசரகாலத்தில் பிறந்ததுதான் என்பதை இன்றைய பிள்ளைகள் அறிய மாட்டார்கள். தற்காலிக ஏற்பாடாக வந்தவை எவ்வளவு ஆழமாக வேரூன்றுகின்றன என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று எனக்குத் தெரியவில்லை.

அவசரகாலம் 1960 ஜூலை 31 அன்று முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கூட்டரசு அரசமைப்பின் 5ஆம் பிரிவு, கைதானவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்று கூறுகிறது. அதே அரசமைப்பின் 149ஆம் பிரிவு, நாட்டைக் கவிழ்க்கும் முயற்சிகளை எதிர்கொள்ளும் சட்டங்கள் இந்த உரிமைகளை மீறலாம் என்று அனுமதிக்கிறது. அந்த அனுமதியின் மேல் கட்டப்பட்டதுதான் நம் மக்கள் இசா என்று அழைத்த அந்தச் சட்டம். போலீஸ் 60 நாள் வைத்துக்கொள்ளலாம். அதன்பின் உள்துறை அமைச்சர் கையெழுத்திட்டால் இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். 1989ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதைத் தவிர வேறு எதையும் நீதிமன்றம் ஆராய வழி இல்லாமல் போனது.

கம்யூனிஸ்டுகளை எதிர்கொள்ளவே இது தேவைப்படுகிறது என்று சட்டத்தைக் கொண்டுவந்தபோது நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி 1989 டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹாட்யாயில் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஆயுதத்தைக் கீழே வைத்தது. சட்டம் அதற்குப் பிறகும் 20 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது. அந்த ஒப்பந்தத்துக்கு முன்பே, 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற நடவடிக்கையில் அரசியல்வாதிகள், சமூகத் தொண்டர்கள், கல்வியாளர்கள் என நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பிடிக்கப்பட்டார்கள். மூன்று நாளிதழ்களின் உரிமம் பறிக்கப்பட்டது. 2007 நவம்பர் 25 அன்று மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்த ஹிண்ட்ராஃப் இயக்கம் கோலாலம்பூரில் நடத்திய பேரணிக்கு எங்கள் ஊரிலிருந்தும் ஆட்கள் போனார்கள். அடுத்த மாதம் அதன் தலைவர்கள் ஐவர் கமுந்திங்குக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான மனோகரன், முகாமுக்குள் இருந்தபடியே 2008 மார்ச் பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வெற்றி பெற்றார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவரை, எந்த நீதிமன்றத்திலும் குற்றம் சாட்டாமல் 2009 வரை பூட்டிவைக்க ஒரு சட்டத்தால் முடிந்திருக்கிறது. 2011இல் எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் ஜெயக்குமாரையே வேறொரு சட்டத்தின்கீழ், 1969ஆம் ஆண்டு அவசரகால ஆணையின்படி, விசாரணையின்றி ஏறத்தாழ ஒரு மாதம் தடுத்து வைத்தார்கள். ஏழைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவரை அவ்வாறு பிடித்துக்கொண்டு போனதை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆபத்து என்பதே கற்பனை என்று நான் எழுதினால் அது பொய்யாகும். 2002 அக்டோபர் 12 அன்று பாலித் தீவில் 202 பேரைக் கொன்ற குண்டுவெடிப்புகளுக்குப் பின்னால் இருந்த ஜெமா இஸ்லாமியா இயக்கத்தில், வெடிகுண்டு செய்வதில் தேர்ந்த அசஹாரி ஹுசினும் அவருடைய கூட்டாளி நோர்டின் முகமது தோப்பும் மலேசியர்கள். ஒருவர் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தவர். 2016 ஜூன் 28 அன்று பூச்சோங்கில் ஓர் இரவு விடுதியில் எறிகுண்டு வீசப்பட்டு எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஐஎஸ் இயக்கத்தின் பெயரால் இந்நாட்டில் நடந்த முதல் தாக்குதல் அது. 2024 மே மாதம் ஜொகூரின் உலு திராம் போலீஸ் நிலையத்தில் இரண்டு காவலர்கள் கொல்லப்பட்டார்கள். இரவுப் பணியில் அமர்ந்திருந்த அந்த இளைஞர்களுக்கும் வீட்டில் தாய் தந்தையர் இருந்தார்கள். குண்டு வெடித்த பிறகு குற்றவாளியைப் பிடித்துத் தண்டிப்பதோடு அரசாங்கத்தின் கடமை முடிந்துவிடாது. வெடிக்குமுன் தடுப்பதும் அதன் கடமைதான். அதற்கு ஒற்றறிதலும், தொலைபேசி உரையாடலைக் கேட்பதும், சந்தேகத்தின்பேரில் விரைந்து கைது செய்வதும் தேவைப்படும் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் எங்கள் சாலையில் உள்ள சாவுக்கின் கதையை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். அல்-மௌனா என்ற கும்பல் 2000 ஜூலை 2 அன்று கிரிக் வட்டாரத்து இராணுவ முகாம்களில் அதிகாரிகள் வேடத்தில் நுழைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு புக்கிட் ஜெனாலிக் குன்றில் பதுங்கியது. அவர்கள் பிடித்துவைத்த பிணையாளிகளில் இருவர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் சரவாக்கைச் சேர்ந்த இராணுவ வீரர் மேத்யூ மெடான். மற்றவர் போலீஸ் சிறப்புப் பிரிவைச் சேர்ந்த சகாதேவன், நம்மவர். நாட்டுக்கு எதிராக ஆயுதம் தூக்குவது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு சுதந்திர மலேசியாவில் அரிது. அப்படிப்பட்ட கும்பலின் தலைவனையும் முக்கியக் கூட்டாளிகளையும், மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்று தண்டனைச் சட்டத்தின் 121ஆம் பிரிவின்கீழ் குற்றம் சாட்டி, உயர்நீதிமன்றத்தில் சாட்சிகளை நிறுத்தி, மேல்முறையீட்டுக்கும் வழிவிட்டுத்தான் தண்டித்தார்கள். சகாதேவனின் குடும்பத்துக்கு நீதி கிடைத்தது கமுந்திங்கின் வழியாக அல்ல, திறந்த நீதிமன்றத்தின் வழியாக. இந்தோனேசியாவும் பாலிக் குற்றவாளிகளை அப்படியே நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டித்தது. மிகக் கொடிய வழக்கில் நீதிமன்றம் தாங்கியிருக்கிறது என்றால், அதைவிடச் சிறிய சந்தேகங்களுக்கு நீதிமன்றம் தாங்காது என்ற வாதத்தை நான் எப்படி ஏற்பேன்?

இசா 2012இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் பாதுகாப்புக் குற்றங்கள் தொடர்பான சிறப்பு நடவடிக்கைகள் சட்டம், எல்லோரும் சொஸ்மா என்று சொல்லும் சட்டம், அந்த ஆண்டு ஜூலை 31 முதல் நடைமுறைக்கு வந்தது. பழையதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. அமைச்சரின் கையெழுத்தில் முடிவில்லாத சிறை இதில் இல்லை. கைதானவரை ஒரு கட்டத்தில் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டியாக வேண்டும். அரசியல் நம்பிக்கைக்காக மட்டும் எவரையும் கைது செய்யக் கூடாது என்ற வரியும் உண்டு. ஆயினும் அதன் 4ஆம் பிரிவு, சூப்பரிண்டெண்டன்ட் தரத்துக்குக் குறையாத ஒரு போலீஸ் அதிகாரி தம் சொந்த முடிவில் ஒருவரை 28 நாள் வரை காவலில் நீட்டித்து வைக்கலாம் என்கிறது. சாதாரணக் குற்றவியல் நடைமுறையில் எவ்வளவு பெரிய குற்றமானாலும் மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும், அதுவும் 14 நாளுக்கு மேல் கிடையாது. சொஸ்மாவின்கீழ் வழக்கறிஞரைச் சந்திப்பதையும் 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். குற்றம் சாட்டப்பட்ட பிறகு ஜாமீன் கிடையாது என்பது இச்சட்டத்தின் 13ஆம் பிரிவு. பயங்கரவாதமல்லாத வழக்குகளில் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர், பெண்கள், நோயாளிகள் ஆகியோருக்கு மட்டும் அது விதிவிலக்குத் தருகிறது. வழக்கு முடிய எத்தனை ஆண்டு ஆனாலும் குற்றம் நிரூபிக்கப்படாத மனிதன் சிறையில்தான் இருக்க வேண்டும். இதற்கும் மேலாக 2015 ஏப்ரல் 7 அதிகாலையில் 79க்கு 60 என்ற வாக்குகளில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நிறைவேறியபோது, ஒரு வாரியத்தின் ஆணையில் விசாரணையில்லாமல் இரண்டு ஆண்டு அடைத்துப் புதுப்பிக்கும் பழைய ஏற்பாடு வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது.

2019 அக்டோபரில் சொஸ்மா எங்கள் வாசலுக்கு எவ்வளவு அருகில் வந்தது என்பதைப் பலர் மறந்திருக்கலாம். விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்படப் பன்னிரண்டு பேர் சொஸ்மாவின்கீழ் கைது செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டு தீபாவளியை அவர்கள் காவலில் கழித்தார்கள். இச்சட்டத்தின் கொடிய பிரிவுகளை நீக்குவோம் என்று 2018 தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி தந்து வந்த அரசாங்கத்தின் ஆட்சியில்தான் இது நடந்தது. அந்த இயக்கத்துக்காக வாதாடுவது என் நோக்கமல்ல. மனித வெடிகுண்டை ஆயுதமாக்கியதும் சிறுவர்களைப் போர்க்களத்தில் இறக்கியதும் எந்த நியாயத்தாலும் கழுவ முடியாத செயல்கள். ஆனால் அந்த இயக்கமோ 2009 மே மாதத்தில் போர்க்களத்திலேயே முடிந்துபோனது. 2019 நவம்பர் 29 அன்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், ஜாமீனை மறுக்கும் 13ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கே உரிய அதிகாரத்தில் தலையிடுவதால் அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், தண்டனை கிடைக்கும் வாய்ப்பு இல்லை என்று கூறிப் பன்னிரண்டு பேர் மீதான வழக்குகளையும் கைவிட்டார். கைதுக்கும் அந்த அறிவிப்புக்கும் இடையே நான்கு மாதங்களுக்கு மேல் ஓடியிருந்தன.

அந்த நான்கு மாதங்களில் எங்கள் தாமானில் நடந்ததை எந்தத் தீர்ப்பும் பதிவு செய்யவில்லை. முள்ளிவாய்க்கால் நினைவு நாளில் கோயில் மண்டபத்தில் விளக்கேற்றியபோது எடுத்த படங்களைக் கைத்தொலைபேசியிலிருந்து அழித்தவர்களை நான் அறிவேன். போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புக்காகப் பணம் அனுப்பிய ஒரு கடைக்காரர், ரசீதுகளைக் கிழித்துவிட்டு என்னிடம் வந்து, இதற்காகப் பிடிப்பார்களா என்று கேட்டார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன் என்பதால் எனக்குச் சட்டம் தெரியும் என்று நினைத்து வந்தார். அவர் குற்றமற்றவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு நான் என்ன உறுதி கொடுக்க முடியும்? குற்றமற்றவன் என்பதை எடுத்துச் சொல்ல ஒரு நீதிபதியின் முன் எப்போது நிறுத்தப்படுவான் என்பதே நிச்சயமில்லாத இடத்தில், குற்றமற்றவனும் அஞ்சத்தான் செய்வான். இப்படி அஞ்சியவர்கள் போலீசுக்குத் தகவல் சொல்ல ஒருபோதும் முன்வர மாட்டார்கள் என்பதைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தீவிரவாதிகளின் பேச்சில் மயங்கும் பிள்ளையை முதலில் கவனிப்பது தாயும் ஆசிரியரும்தான். அவர்கள் வாய் திறக்க வேண்டுமானால், திறந்தால் பிள்ளைக்கு நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தாக வேண்டும்.

சொஸ்மா பயங்கரவாதத்தோடு நிற்கவில்லை என்பது இன்னொரு செய்தி. திட்டமிட்ட குற்றக் கும்பலில் உறுப்பினராக இருப்பதும் அதன் வரம்புக்குள் வருகிறது. தோட்டத்தை இழந்து, படிப்பை இடையில் விட்ட எங்கள் இளைஞர்கள் இந்த வழியாகத்தான் அதில் சிக்குகிறார்கள். கும்பல்களின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றால் வாழ்விழந்த மாணவர்களை வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். எங்கள் வரிசையில் வசிக்கும் ஓர் அம்மாவின் மகன், லாரியில் உதவியாளாக இருந்தவன், அப்படித்தான் பிடிபட்டான். அந்த அம்மா சேமிப்பை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “சார், பையனுக்கு ஜாமீன் எவ்வளவு கட்டணும்னு கேட்டுச் சொல்லுங்க. பத்தலன்னா தாலியை வச்சிடுறேன்” என்றார். எவ்வளவு கொடுத்தாலும் இந்தச் சட்டத்தில் ஜாமீன் இல்லை என்பதை அவருக்கு விளங்கவைக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று. நீதிபதியே விரும்பினாலும் விட முடியாதா என்று அவர் கேட்டதற்கு, முடியாது என்றேன். அவன் இறுதியில் விடுவிக்கப்பட்டான். அதற்குள் வேலை போய்விட்டது, தவணை கட்டாத மோட்டார் சைக்கிளும் போய்விட்டது, தகப்பனின் இறுதிச் சடங்கில் கொள்ளி வைக்கவும் அவன் இல்லை.

உளவுத் தகவலை நீதிமன்றத்தில் வெளிப்படுத்த முடியாது, வெளிப்படுத்தினால் தகவல் தந்தவரின் உயிருக்கு ஆபத்து என்பது போலீஸ் தரப்பின் வலுவான வாதம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் சாட்சியின் அடையாளத்தை மறைத்து விசாரிக்கும் வழிமுறையைச் சொஸ்மாவே வைத்திருக்கிறது. தகவலை எதிர்த் தரப்புக்குக் காட்டாமல் ஒரு நீதிபதியிடம் மட்டும் மூடிய அறையில் காட்டவும் முடியும். ஊர் மக்களுக்குக் காட்ட முடியாதது என்பதற்காக நீதிபதிக்கும் காட்ட முடியாதது ஆகிவிடாது. 28 நாள் தேவைப்படும் வழக்குகள் இருக்கலாம். ஆனால் அந்த 28 நாளும் தேவைதானா என்று ஏழாம் நாளிலும் பதினான்காம் நாளிலும் கேட்க, போலீசைச் சேராத ஒருவர் இருக்க வேண்டும். ஜாமீன் கொடுக்கக் கூடாத ஆபத்தானவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காணும் பொறுப்பைச் சட்டம் ஒரே வரியில் முடித்துவிடாமல் நீதிபதியிடம் விட வேண்டும். உரிமைக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் நான் கேட்பது இவ்வளவுதான்: பிடிப்பவரும் பிடித்தது சரிதானா என்று தீர்மானிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது.

28 நாள் காவலை அனுமதிக்கும் விதியை மட்டும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் புதுப்பிக்க வேண்டும் என்று சொஸ்மாவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2022 மார்ச் 23 அன்று அந்தத் தீர்மானம் 84க்கு 86 என்ற வாக்குகளில் மக்களவையில் தோற்றது. இரண்டே வாக்குகளில் ஒரு வழக்கம் அறுபடக்கூடும் என்று அன்று மாலை நான் நம்பினேன். ஆனால் ஜூலையில் தீர்மானம் மீண்டும் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. அந்த ஐந்து ஆண்டு 2027 ஜூலையில் முடிகிறது. எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், அதற்கு முன் நம் தொகுதிகளுக்கு வந்து கோயில் மண்டபத்தில் மாலை வாங்கிக்கொள்ளும் ஒவ்வோர் உறுப்பினரிடமும் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுத்து எழுத்தில் பதில் வாங்க வேண்டும் என்று எங்கள் தாமான் குடியிருப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். கைதானவர் எத்தனை நாளுக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்பட வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? ஜாமீனை முடிவு செய்யும் அதிகாரத்தை நீதிபதிக்குத் திருப்பித் தர வாக்களிப்பீர்களா? ஐந்தாண்டு மறுபரிசீலனையை ஒரு விதியோடு நிறுத்தாமல் சட்டம் முழுவதற்கும் விரிக்க ஒப்புக்கொள்கிறீர்களா? கடிதத்தின் முதல் வரைவைத் தமிழிலும் மலாயிலும் எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்து வாங்கும் பொறுப்பை லாரி உதவியாளனின் அம்மா ஏற்றுக்கொண்டிருக்கிறார்.